கிறிஸ்தியான் தோபிரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்தக் கிறிஸ்தியான் தோபிரா?

தென்னமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள பிரெஞ்சு கயானாவின் தலைநகரான கயேனில் 1952 பிப்ரவரி 2 அன்று பிறந்த பிரெஞ்சு இடதுசாரி அரசியல்வாதி. 1993 முதல் 2012 வரை கயானாவின் பிரதிநிதியாகப் பிரான்சு நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய அவையில் இருந்தார். இடையில் 1994 முதல் 1999 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். 2012 மே முதல் 2016 ஜனவரி வரை நீதித்துறை அமைச்சராகப் பணியாற்றினார்.

பதவிகளை வைத்து அளந்தால் இது நடுத்தரமான அரசியல் வாழ்க்கை என்றே சொல்ல வேண்டும். பிரதமராகவோ, பெரிய கட்சி ஒன்றின் தலைவராகவோ அவர் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் அடிமை வணிகத்தை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்த 2001-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ள வழிவகுத்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. சட்டத்தை முன்மொழிந்தவரின் பெயராலேயே அதை அழைப்பது பிரான்சின் வழக்கம் என்பதால், அங்கே 'தோபிரா சட்டம்' என்று ஒருவர் சொன்னால் எந்தச் சட்டம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

கயானாவில் பிறந்தவர் எப்படிப் பிரெஞ்சு அரசியல்வாதி ஆகிறார்?

கயானா பிரான்சின் பழைய குடியேற்ற நாடு. 1946-இல் அது பிரான்சின் மாவட்டங்களில் ஒன்றாக மாற்றப்பட்டது. ஆகவே அங்கே பிறப்பவர் பிரெஞ்சுக் குடிமகன்தான். பாரிசில் வசிப்பவரைப் போலவே வாக்களிக்கிறார், யூரோவில்தான் செலவு செய்கிறார். அமேசான் காட்டையும், கூரூ ஏவுதளத்தையும், பரப்பளவுக்குச் சற்றும் பொருந்தாத சிறிய மக்கள்தொகையையும் கொண்ட அந்த மண்ணிலிருந்து தேசிய அவைக்கு இரண்டே உறுப்பினர்கள்தான் செல்கிறார்கள்.

பிரான்சு நெடுங்காலம் தன் கைதிகளை நாடுகடத்தி அடைத்துவைத்த இடமும் இதுவே. அந்தத் தண்டனைக் குடியிருப்பின் கடைசிக் கைதிகள் தாயகம் திரும்பியது 1953-இல், அதாவது தோபிரா பிறந்த மறு ஆண்டில். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த ஒருவரிடம் பிற்காலத்தில் நாட்டின் சிறைகளே ஒப்படைக்கப்பட்டன என்பதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம்; என்றாலும் சிறை பற்றி அவர் பேசியவற்றைப் படிக்கும்போது அந்தப் பின்னணி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அவருடைய தாய் செவிலியர் உதவியாளராக வேலை செய்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். தோபிராவின் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். தோபிரா பாரிஸ் சென்று பொருளாதாரம், சமூகவியல் முதலிய துறைகளில் பயின்று, ஊர் திரும்பிப் பொருளாதார ஆசிரியரானார். நீதித்துறை அமைச்சராக இருந்தும் அவர் சட்டம் படித்துத் தொழில் செய்தவர் அல்லர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அவர் ஒரு காலத்தில் பிரான்சிலிருந்து பிரிந்துபோக வேண்டும் என்று போராடியவர் என்பது உண்மையா?

உண்மைதான். 1970-களின் இறுதியில் கயானாவின் விடுதலையைக் கோரிய இயக்கம் ஒன்றில் அவரும் பின்னாளில் அவர் கணவரான ரோலான் தெலானோனும் தீவிரமாக இயங்கினார்கள். தெலானோன் சிறை சென்றார்; தோபிராவும் சில காலம் தலைமறைவாக வாழ வேண்டியிருந்தது. 1981-இல் பிரான்சுவா மித்தரான் குடியரசுத் தலைவராகி, தொலைதூர மாவட்டங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கிடைக்கும் வாய்ப்பு திறந்தபோது, பிரிவினைக் கோரிக்கையை அவர் கைவிட்டார்.

அவரது எதிரிகள் இதைப் பிற்காலத்தில் அடிக்கடி தோண்டி எடுத்தார்கள். அவர் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை. பிரான்சின் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்து அதன் வரிகளை மாற்றலாம் என்ற நம்பிக்கைக்கு, அந்தப் புத்தகத்தையே ஏற்க மறுத்த நிலையிலிருந்து வந்து சேர்ந்தவர் அவர் என்பது என் வாசிப்பு.

நாடாளுமன்றத்துக்கு அவர் எந்தக் கட்சியின் சார்பில் சென்றார்?

தேசியக் கட்சி எதன் சார்பிலும் அல்ல. கணவருடன் சேர்ந்து கயானாவில் தொடங்கிய 'வால்வாரி' என்ற உள்ளூர் இயக்கத்தின் பலத்தில்தான் 1993-இல் வென்றார். சோசலிஸ்டுகள் படுதோல்வி அடைந்த தேர்தல் அது. அவைக்குள் நுழைந்த சில நாட்களிலேயே, வலதுசாரிப் பிரதமர் எதுவார் பலாதுரின் அரசுக்கு ஆதரவாக நம்பிக்கை வாக்கு அளித்தார். இடதுசாரிகள் இதை இன்றும் அவர் கணக்கில் பற்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, தொழிலதிபர் பெர்னார் தப்பி தலைமையிலான இடதுசாரித் தீவிரவாதக் கட்சியினரின் பட்டியலில் இடம்பெற்று ஐரோப்பிய நாடாளுமன்றம் சென்றார். இங்கே 'தீவிரவாதம்' என்பது வன்முறையைக் குறிப்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியரசுவாத மரபில் வந்த, சோசலிஸ்டுகளைவிட மிதமான ஒரு சிறு கட்சி அது. 1997-க்குப் பிறகு தேசிய அவையில் சோசலிஸ்டுக் குழுவோடு இணைந்து அமர்ந்தார். ஆனாலும் சோசலிஸ்டுக் கட்சியில் உறுப்பினராகச் சேரவில்லை.

2001-ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி உருவானது? அதில் என்ன இருக்கிறது?

பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை 1794-இல் ஒருமுறை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மீட்டுக் கொண்டுவந்தார். 1848-இல் இறுதியாக ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டே இழப்பீட்டுச் சட்டம் ஒன்று வந்தது. இழப்பீடு பெற்றவர்கள் விடுதலையான அடிமைகள் அல்லர். அவர்களை உடைமையாக வைத்திருந்த முதலாளிகள்.

1998-இல் ஒழிப்பின் 150-ஆம் ஆண்டு நிறைவை அரசு கொண்டாடியபோது, ஒழித்த குடியரசின் பெருந்தன்மையைப் பற்றிய பேச்சே மேலோங்கியிருந்தது. அடிமைப்படுத்தப்பட்டவர்கள் அதில் ஏறக்குறைய காணாமல் போயிருந்தார்கள். அந்த ஆண்டு மே 23 அன்று, அடிமைகளின் வழித்தோன்றல்களான பல்லாயிரம் பேர் பாரிஸ் தெருக்களில் மௌனமாக ஊர்வலம் சென்றார்கள். ஆண்டின் இறுதியில் தோபிரா தம் மசோதாவைத் தாக்கல் செய்தார். 1999 பிப்ரவரி 18 அன்று தேசிய அவை அதை முதல் வாசிப்பில் ஒருமனதாக ஏற்றது. மேலவையில் பயணம் நீண்டு, 2001 மே 10 அன்று இறுதியாக நிறைவேறி, மே 21 அன்று சட்டமானது.

ஐந்தே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம் இது. முதல் பிரிவு, பதினைந்தாம் நூற்றாண்டு முதல் அட்லாண்டிக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் நடந்த அடிமை வணிகத்தையும் அடிமை முறையையும் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று குடியரசின் பெயரால் ஏற்கிறது. இரண்டாவது பிரிவு, பள்ளிப் பாடத்திட்டத்திலும் ஆய்விலும் அதற்கு உரிய இடம் தரச் சொல்கிறது. மற்றவை பன்னாட்டு அமைப்புகளிடம் அதே அங்கீகாரத்தைக் கோருவது, நினைவு நாள் ஒன்றைக் குறிப்பது, அடிமைகளின் நினைவைக் காக்கும் சங்கங்கள் வழக்குகளில் தரப்பினராகச் சேர உரிமை அளிப்பது ஆகியவற்றைப் பற்றியவை.

முதல் வரைவில் இன்னொன்றும் இருந்தது. அடிமை முறையால் நேர்ந்த சேதத்தை மதிப்பிட்டு, அதற்கு எவ்வாறு ஈடு செய்வது என்று ஆராய ஒரு குழுவை அமைக்க வேண்டும் என்பதே அது. நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனையில் அந்த வரி நீக்கப்பட்டது. சட்டம் ஒருமனதாக நிறைவேறியதற்கும் அந்த நீக்கத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படை.

அந்தச் சட்டத்துக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் அதன் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் பிரிவு, குற்றத்துக்கு ஆளான மக்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினர், மடகாஸ்கர் மக்கள், அவர்களோடு இந்தியர். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் சோழமண்டலக் கரையின் பிற துறைமுகங்களிலிருந்தும் மனிதர்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு, இன்று ரெயூனியன், மொரீஷியஸ் என்று அறியப்படும் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 'இந்தியர்' என்ற அந்த ஒற்றைச் சொல் அவர்களையும் அணைத்துக்கொள்கிறது.

அடிமை முறை ஒழிந்த பிறகு நிலவரம் வேறு. பிரெஞ்சு கரீபியத் தீவுகளில் 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும், பின்னர் கயானாவுக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கயானாவில் அவர்கள் மாண்டுபோன வேகத்தைக் கண்டு ஆங்கிலேய அரசு 1870-களில் அங்கே ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. ஆனால் ஒப்பந்தக் கூலி முறை சட்டப்படி அடிமை முறை அன்று என்பதால், 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. ரெயூனியனில் இன்று தமிழ் வழியினராக அறியப்படுவோரில் பெரும் பகுதியினரின் முன்னோர் இப்படி ஒப்பந்தத்தில் சென்றவர்களே.

இது வெறும் அடையாளச் சட்டம் என்ற விமர்சனம் சரியா?

பாதி சரி. தண்டனை விதிக்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை. 2013 பிப்ரவரியில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே, ஒரு குற்றத்தை அங்கீகரிப்பது மட்டும் சட்டவிதி ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு கோரித் தொடரப்பட்ட வழக்குகளும் அதே சுவரில்தான் மோதின.

மறுபாதி வேறு. 2001 ஆகஸ்ட் இறுதியில் டர்பனில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, அடிமை வணிகம் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று தன் அறிக்கையில் எழுதியபோது, அதைத் தன் சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த நாடாகப் பிரான்சு அங்கே அமர்ந்திருந்தது. சட்டம் நிறைவேறிய மே 10 என்ற தேதியை 2006 முதல் தேசிய நினைவு நாளாகக் கடைப்பிடிக்க, வலதுசாரியான குடியரசுத் தலைவர் ழாக் சிராக்கே முடிவெடுத்தார்.

வரலாற்றாய்வாளர்கள் சிலரிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. 2005-இல் அடிமை வணிகம் பற்றி நூல் எழுதிய ஓர் ஆய்வாளர் மீது, அவர் அளித்த நேர்காணல் ஒன்றுக்காக, இச்சட்டத்தை மேற்கோள் காட்டி ஒரு சங்கம் வழக்குத் தொடுத்தது. பின்னர் திரும்பப் பெற்றது. வரலாற்றை நாடாளுமன்றம் எழுதக் கூடாது என்று பல அறிஞர்கள் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த வேறொரு சட்டம், குடியேற்ற ஆட்சியின் 'நேர்மறைப் பங்கை'ப் பள்ளிகளில் கற்பிக்கச் சொல்லியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சண்டையின் சூடு புரியும். அந்த வாசகம் மறு ஆண்டு நீக்கப்பட்டது. தோபிராவின் சட்டம் நிலைத்தது.

2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் ழோஸ்பன் தோற்றதற்கு தோபிராதான் காரணமா?

பிரெஞ்சு இடதுசாரிகளின் வீடுகளில் இன்றும் சாப்பாட்டு மேசையைச் சண்டைக்களமாக்கும் கேள்வி இது. எண்களைப் பார்ப்போம். முதல் சுற்றில் 16 பேர் போட்டியிட்டனர். சோசலிஸ்டுப் பிரதமர் லியோனெல் ழோஸ்பன் 16.18 விழுக்காடு பெற்று மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட, தீவிர வலதுசாரியான ழான்-மரி லெ பென் 16.86 விழுக்காட்டுடன் இரண்டாம் சுற்றுக்குச் சென்றார். இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி ஏறத்தாழ 1,95,000 வாக்குகள். இடதுசாரித் தீவிரவாதக் கட்சியின் வேட்பாளராக நின்ற தோபிரா பெற்றவை 6,60,447 வாக்குகள், அதாவது 2.32 விழுக்காடு.

கூட்டல் கழித்தலில் குற்றச்சாட்டு சரியாகவே தெரிகிறது. ஆனால் அதே கணக்கின்படி, 5.33 விழுக்காடு பெற்ற ழான்-பியேர் ஷெவென்மான், 5.25 பெற்ற பசுமைக் கட்சியின் நொயேல் மாமேர், 5.72 பெற்ற ஆர்லெத் லாகியே என்று இடதுபக்கம் நின்ற ஒவ்வொருவரும் குற்றவாளிகளே. அவர்களில் பலர் தோபிராவைவிட இரு மடங்கு வாக்குகளைப் பிரித்தார்கள். மேலும் தோபிராவின் வாக்குகளில் கணிசமான பங்கு கடல் கடந்த மாவட்டங்களிலிருந்து வந்தது. கயானாவில் பாதிக்கு மேற்பட்டோரும் குவாதலூப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரும் அவருக்கு வாக்களித்தார்கள். அவர் நிற்காதிருந்தால் அந்த மக்களில் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்கே வந்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

ஷெவென்மானையும் மாமேரையும் விட்டுவிட்டுத் தோபிராவின் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக நாவில் வருகிறது என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பிரான்சின் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் கறுப்பினப் பெண் அவர்.

நீதித்துறை அமைச்சர் பதவி அவருக்கு எப்படிக் கிடைத்தது?

2012 மே மாதம் சோசலிஸ்டான பிரான்சுவா ஒல்லாந்த் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்று, ழான்-மார்க் எய்ரோ பிரதமரானபோது அறிவிக்கப்பட்ட பெயர்களில் பலரும் எதிர்பாராதது இதுவே. முத்திரைக் காப்பாளர் என்ற பழம்பெயரையும் சேர்த்துத் தாங்கும் அந்தப் பதவி, அமைச்சரவை வரிசையில் உயர்ந்த இடத்தில் இருப்பது. சோசலிஸ்டுக் கட்சியில் உறுப்பினராக இல்லாத, சட்டத்துறையைச் சாராத ஒருவருக்கு அதைக் கொடுத்தது துணிச்சலான தேர்வு.

முதல் வேலை அவசர வேலையாக அமைந்தது. பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை அரசியலமைப்பு மன்றம் மே 4 அன்று தெளிவின்மை காரணமாக ரத்து செய்திருந்ததால், நடந்துகொண்டிருந்த வழக்குகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. ஆகஸ்ட் 6 அன்று புதிய சட்டம் வந்துவிட்டது.

திருமணச் சட்ட விவாதத்தில் அவர் பங்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அது ஒல்லாந்தின் தேர்தல் வாக்குறுதி. 60 வாக்குறுதிகளில் 31-ஆவது. தோபிரா உருவாக்கிய யோசனை அன்று. எனினும் மசோதா 2012 நவம்பரில் அமைச்சரவைக்கு வந்தபோதே தெருக்களில் மாபெரும் எதிர்ப்பு ஊர்வலங்கள் தொடங்கிவிட்டன. ஒல்லாந்தே ஒரு கட்டத்தில் மேயர்களின் 'மனசாட்சிச் சுதந்திரம்' பற்றிப் பேசித் தடுமாறி, மறுநாளே பின்வாங்கினார். நின்று வாதாடும் பொறுப்பு நீதித்துறை அமைச்சரின் தோளில் விழுந்தது.

2013 ஜனவரி 29 அன்று விவாதம் தொடங்கியது. எதிர்க்கட்சியினர் ஆயிரக்கணக்கில் திருத்தங்களைக் குவித்திருந்தார்கள். வார இறுதிகளிலும் நள்ளிரவுக்குப் பின்னரும் அவை கூடி, நூறு மணி நேரத்துக்கும் மேல் பேசியது. அவரது தொடக்க உரை, கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்த திருமணத்தைப் பிரெஞ்சுப் புரட்சி குடிமைத் திருமணமாக மாற்றியது முதல், மணமுறிவு உரிமையும் மனைவியின் சட்ட நிலையும் படிப்படியாக மாறியது வரை எடுத்துரைத்தது. திருமணம் என்றென்றைக்கும் ஒரே வடிவத்தில் இருந்தது என்ற வாதத்தை முதல் நாளே காலி செய்துவிட்டது அந்த உரை.

பெரும்பாலும் கையில் தாள் இல்லாமலேயே பேசினார். எதிர்த் தரப்பின் கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்து, கயேனில் பிறந்த கறுப்பினக் கவிஞர் லெயோன்-கோந்திரான் தமாசின் வரிகளை மனப்பாடமாகச் சொன்னபோது, அவர் பக்கத்து உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீதித்துறை அமைச்சர் கவிதை சொல்வது விவாதத்துக்கு விடை ஆகுமா என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடு இல்லை. பிரிவு பிரிவாக அவர் சொன்ன சட்ட விடைகளும் அவைக் குறிப்பில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கவிதை மட்டுமே தொலைக்காட்சியில் ஓடியது.

ஏப்ரல் 23 அன்று 331 பேர் ஆதரவாகவும் 225 பேர் எதிராகவும் வாக்களிக்க மசோதா நிறைவேறியது. மே 17 அன்று அரசியலமைப்பு மன்றம் அதை ஏற்றது. மே 29 அன்று மொன்பெலியே நகரில் முதல் திருமணம் நடந்தது. திருமணத்தோடு குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமையும் அச்சட்டத்தில் இருந்தது. பெண் இணையர்கள் செயற்கைக் கருத்தரிப்பைப் பயன்படுத்தும் உரிமை அப்போது சேர்க்கப்படவில்லை. அதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் மீது நடந்த இனவெறித் தாக்குதல்கள் என்ன?

2013 அக்டோபரில், தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியின் உள்ளாட்சி வேட்பாளர் ஒருவர் அவரைக் குரங்குக்கு ஒப்பிட்டுப் படம் வெளியிட்டது தொலைக்காட்சி வழியே தெரியவந்தது. கட்சி அவரை விலக்கியது. அதே மாதம் ஆன்ழே நகருக்கு அவர் சென்றபோது, திருமணச் சட்டத்தை எதிர்த்து நின்ற கூட்டத்தில் ஒரு சிறுமி வாழைப்பழத் தோலை ஆட்டி அவரை இழிவுபடுத்தினாள். அருகில் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். அடுத்த மாதம் தீவிர வலதுசாரி வார இதழ் ஒன்று அதே இழிவை அட்டைப்படத் தலைப்பாக்கியது. பின்னர் அதற்கு அபராதம் விதிக்கப்பட்டது.

நாளேடு ஒன்றுக்கு அவர் அளித்த நேர்காணலில், தன்னைத் திட்டியவர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பிரெஞ்சுச் சமூகம் நழுவிச் செல்லும் திசையைச் சுட்டிக்காட்டி எழும் உயர்ந்த குரல் ஒன்றும் கேட்கவில்லையே என்பதுதான் அவர் வருத்தம். அந்தச் சொல் தன் சொந்த அரசின் முகத்தை நோக்கியும் எறியப்பட்டது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

நையாண்டி இதழான 'ஷார்லி எப்தோ'வும் அந்த நாட்களில் அவரைக் குரங்காக வரைந்தது. இனவெறியரைக் கேலி செய்வதே நோக்கம் என்று விளக்கியது. 2015 ஜனவரியில் அந்த இதழின் அலுவலகத்தில் பயங்கரவாதிகள் கொன்ற ஓவியர்களில் ஒருவரான தினியூசின் இறுதிச் சடங்கில், மொந்திரே நகர மண்டபத்தில், தோபிரா இரங்கல் உரை ஆற்றினார். நண்பர்கள் எழுதியும் வரைந்தும் நிரப்பிய மரப்பெட்டி முன்னால் இருந்தது. எதை வேண்டுமானாலும் வரையலாம், இறைத்தூதரையும் வரையலாம், எல்லா மதங்களையும் கேலி செய்யும் உரிமை இந்த நாட்டில் உண்டு என்று அவர் அங்கே சொன்னார்.

அவர் சிறைச் சீர்திருத்தம் வெற்றி பெற்றதா?

இல்லை என்பதே நேர்மையான பதில். அவர் பதவியேற்ற காலத்தில் பிரெஞ்சுச் சிறைகளில் சுமார் 57,000 இடங்கள் இருந்தன. 2014-இல் கைதிகளின் எண்ணிக்கை 68,000-ஐத் தாண்டியது. தரையில் மெத்தை விரித்துப் படுத்த கைதிகள் ஏராளம். சிறு குற்றங்களுக்குச் சிறைதான் முதல் மருந்து என்ற எண்ணத்தை மாற்ற 2014 ஆகஸ்ட் 15 அன்று அவருடைய சட்டம் வந்தது. மீண்டும் குற்றம் செய்வோருக்குக் குறைந்தபட்சத் தண்டனையைக் கட்டாயமாக்கிய, முந்தைய குடியரசுத் தலைவர் சார்க்கோசி காலத்து விதியை அது நீக்கியது; சிறைக்கு வெளியே கண்காணிப்பில் கழிக்கும் புதிய தண்டனை ஒன்றை உருவாக்கியது.

நீதிபதிகள் அந்தப் புதிய தண்டனையை அரிதாகவே விதித்தார்கள். கண்காணிக்கப் போதிய அலுவலர்கள் இல்லை. 2019-இல் வேறொரு சட்டம் அதை அகற்றிவிட்டது. உள்துறை அமைச்சராக இருந்த மனுவேல் வால்ஸ், சட்டத்தின் வரைவையே எதிர்த்து 2013-இல் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாளேட்டில் கசிந்தது. ஒரே அமைச்சரவைக்குள் இரண்டு கொள்கைகள் மோதிக்கொண்டிருந்தன; அடுத்த ஆண்டு வால்ஸ் பிரதமரானார்.

நிலைத்த ஒன்று உண்டு. தனிப்பட்ட வழக்குகளில் அரசு வழக்குத்தொடுநருக்கு நீதித்துறை அமைச்சர் உத்தரவிடுவதை 2013 ஜூலை 25-ஆம் நாள் சட்டம் தடை செய்தது. தன் கையில் இருந்த அதிகாரத்தைத் தானே சட்டம் போட்டுத் துறந்த அமைச்சர்கள் அதிகம் இல்லை. வழக்குத்தொடுநர் நியமனத்தை அரசின் பிடியிலிருந்து விடுவிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மட்டும் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை.

சார்க்கோசி தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் அவர் பொய் சொன்னாரா?

2014 மார்ச்சில், முன்னாள் குடியரசுத் தலைவர் சார்க்கோசியின் தொலைபேசி நீதிமன்ற ஆணையின் பேரில் ஒட்டுக்கேட்கப்பட்டது தெரியவந்தது. பத்திரிகையில் வரும்வரை தனக்குத் தெரியாது என்ற பொருள்பட தோபிரா பேசினார். ஆனால் அரசுக்கு முன்பே தகவல் வந்ததைப் பிரதமர் எய்ரோ உறுதிப்படுத்தினார். மார்ச் 12 அன்று செய்தியாளர்கள் முன் தன் வாதத்தை நிறுவ இரண்டு தாள்களை உயர்த்திக் காட்டினார் தோபிரா. புகைப்படக்காரர்கள் அந்தத் தாள்களைப் பெரிதாக்கிப் படித்தபோது, அவர் தெரியாது என்று சொன்ன செய்திகள் அவற்றிலேயே இருந்தன. தனக்குக் கிடைத்த தேதிகளைப் பற்றிய தவறான புரிதல் என்று அவர் தரப்பு விளக்கியது. எதிர்க்கட்சி பதவி விலகக் கோரியது, ஒல்லாந்த் கைவிடவில்லை. அவரது அமைச்சர் வாழ்வின் மிக மோசமான நாள் அது.

ஏன் பதவி விலகினார்?

2015 நவம்பர் 13 அன்று பாரிசிலும் சேன்-தெனியிலும் நடந்த தாக்குதல்களில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்று நாட்களுக்குப் பிறகு, வெர்சாயில் கூடிய இரு அவைகளின் முன், பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படும் இரட்டைக் குடியுரிமையாளர் பிரான்சில் பிறந்தவரே ஆனாலும் அவரது பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறிக்கும் விதியை அரசியலமைப்பில் சேர்க்கப்போவதாக ஒல்லாந்த் அறிவித்தார். குடிமக்களை இரண்டு தரமாகப் பிரிக்கும் இந்த விதி பயங்கரவாதத்தைத் தடுக்கவும் உதவாது என்பது தோபிராவின் நிலை. டிசம்பரில் அல்ஜீரிய வானொலிக்கு அளித்த பேட்டியில், அந்த யோசனை கைவிடப்பட்டதாகச் சொல்லிவிட்டார். அது ஒலிபரப்பான மறுநாள், டிசம்பர் 23 அன்று, அமைச்சரவை அதைத் தக்கவைத்துக்கொண்டது.

அன்றே விலகாமல் ஒரு மாதம் நீடித்தது ஏன் என்று கேட்டவர்கள் பலர். நாடாளுமன்றக் குழு மசோதாவைப் பரிசீலிக்கத் தொடங்கிய 2016 ஜனவரி 27 அன்று விலகினார். எதிர்ப்பது என்பது சில நேரங்களில் இருப்பது, சில நேரங்களில் வெளியேறுவது என்று டுவிட்டரில் எழுதிவிட்டு, வாந்தோம் சதுக்கத்தில் இருக்கும் அமைச்சகத்திலிருந்து மிதிவண்டியில் கிளம்பினார். மார்ச் 30 அன்று ஒல்லாந்த் அந்தத் திருத்தத்தையே கைவிட்டார். தன் ஆட்சிக்காலத்தில் தான் வருந்தும் முடிவு அதுவே என்று அந்த ஆண்டின் இறுதியில், மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்த உரையில் அவர் சொன்னார்.

2022-இல் மக்கள் முன்தேர்வில் வென்றும் ஏன் போட்டியிடவில்லை?

இடதுசாரி வேட்பாளர்கள் சிதறி நின்றதால், குடிமக்கள் குழு ஒன்று இணையவழியில் 'மக்கள் முன்தேர்வு' நடத்தியது. வாக்காளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வேட்பாளருக்கும் 'மிக நன்று' முதல் 'போதாது' வரை ஐந்து தரங்களில் ஒன்றை அளிக்க வேண்டும். 3,92,738 பேர் பங்கேற்றனர். ஜனவரி 30 அன்று தோபிரா முதலிடம் பெற்றார். ஆனால் ஏற்கெனவே களத்தில் இருந்த இடதுசாரி வேட்பாளர்களான மெலன்ஷோன், யான்னிக் ழதோ, அன் இதால்கோ ஆகிய மூவரும் தங்கள் பெயர்களைச் சேர்க்க ஒப்பவில்லை என்றும் முடிவுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஒற்றுமைக்காக நடந்த தேர்வு, வரிசையில் இன்னொரு வேட்பாளரைச் சேர்த்ததுதான் மிச்சம்.

அதற்கு மேல் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது. பிரான்சில் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மனு செய்ய, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி, நாடாளுமன்றப் பிரதிநிதிகள் 500 பேரின் கையெழுத்து வேண்டும். மேயர்களைத் தேடி ஊர் ஊராகச் செல்ல ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் கட்சிக்குத்தான் இருப்பார்கள். தோபிராவுக்கு 500 கிடைக்கவில்லை. மார்ச் 2 அன்று விலகினார்.

இடதுசாரிகளே அவரிடம் காணும் குறை என்ன?

தனியாக நடப்பவர் என்பதே பொதுவான குறை. பலாதுருக்கு அளித்த வாக்கு, 2002 வேட்புமனு, 2022-இல் கடைசி நேர வருகை என்று மூன்றையும் ஒரே நூலில் கோப்பவர்கள் உண்டு. 2021-இல் கயானாவில் பெருந்தொற்றுத் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் மிகக் குறைவாக இருந்தபோது, மக்களைத் தெளிவாக அழைக்கத் தயங்கி அவர் பேசியது ஆதரவாளர்களையே முகம் சுளிக்க வைத்தது. பொருளாதாரத்தில் அவர் எந்தப் பக்கம் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை என்பதும் நியாயமான குறைதான். பொருளாதார ஆசிரியராக இருந்தவர் ஊதியம், வரி, ஓய்வூதியம் பற்றிப் பேசியவற்றில் நினைவில் நிற்கும் உரை ஒன்றைத் தேடினால் எளிதில் அகப்படாது.

கட்சிக் கட்டுப்பாடு இல்லாததால்தான் 1998-இல் யாரும் தொடத் தயங்கிய மசோதாவை அவரால் எழுத முடிந்தது என்று ஆதரவாளர்கள் பதில் சொல்வார்கள். 500 கையெழுத்துகளைத் திரட்ட முடியாமல் போனதற்கும் அதுவே காரணம் என்பதை அவர்களும் மறுப்பதில்லை.